பட்டன் போனும் அப்பாவின் நம்பரும்

கண்ணாடி போன் எனக்குப் பிடிக்காது. தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ஈஸி லா, பழகிக்கலாம்" என்று சொல்கிறவர்களையும் பிடிக்காது. அவர்கள் கையில் கொழுப்பு ஒட்டியதில்லை.

ஜொகூரில், சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற உலு திராம் சந்தையில் எங்களுக்கு ஆட்டுக்கறிக் கடை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு கடைக்கு வந்தவள் நான். அப்பா ஆடி மாதம் இறந்தார். வெட்டிக்கொண்டே இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கறிக்கட்டைமேல் சாய்ந்தார். நான் பின்னால் குடல் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எதிர்க்கடை மீன்காரர் கத்திய பிறகுதான் திரும்பினேன்.

அதைப் பற்றி இதற்குமேல் எழுத வரவில்லை. போனைப் பற்றி எழுத வருகிறது.

அப்பாவின் போனில் பாதிதான் திரை. கீழே எழுத்தெல்லாம் குட்டிக் குட்டிப் பட்டனாக இருக்கும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் வாயை ரப்பர் பேண்டால் இறுக்கி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். வலது கையில் கத்தி. மெசேஜ் வந்தால் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கண் கட்டைக்குத் திரும்பிவிடும். இடது கைக் கட்டைவிரல் மட்டும் பைக்கு மேலேயே பட்டனைத் தேடி அமுக்கும். "ஓகே கா." "ஈரல் முடிஞ்சிருச்சி கா." "நெஞ்செலும்பு வச்சிருக்கேன்." தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடிப்பார். கை எவ்வளவு ஈரமாக இருந்தாலும் பட்டனுக்குக் கவலையில்லை.

எங்கள் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற அக்காமார்கள். விடியுமுன் பஸ் ஏறி, பஸ்ஸில் உட்கார்ந்து ஓடர் போடுவார்கள். வேலை இடத்தில் அவர்களால் போன் பேச முடியாது. எழுத்தாக வந்தால் சூப்பர்வைசர் திரும்புகிற நேரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் மாமியாரோ வீட்டுக்காரரோ கடைக்கு வந்து பையை வாங்கிப் போவார்கள். கட்டையும் கத்தியும் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். அந்த நம்பர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கடைக்காரர். அப்பா இறந்த பிறகு அது என் கையில் இருந்தது.

ஆவணி மாதம் ஓடர் வருகிற மெசேஜ் ஆப் அப்பாவின் போனில் நின்றுவிட்டது. பழைய போனில் இனி ஓடாதாம். மனிதன் போய் ஒரு மாதம் ஆனதும் போனும் அப்படிச் சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலமே சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அப்பாவின் தம்பி. தோட்டத்துச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவர். அப்பா போனதிலிருந்து சனி ஞாயிறுகளில் கடைக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு டச் போன்.

"இந்தா. எங்க வீட்டுத் தம்பி வச்சிருந்தது. சிம்ம இதுல போட்டுரு."

"எனக்கு பட்டன் வச்சதுதான் வேணும் சித்தப்பா."

"எந்தக் காலத்துல இருக்க நீ? கோயில் அர்ச்சனைக்கே டச்சுல பேர் குடுக்குறாங்க. ஒங்கப்பனுக்குதான் புத்தி இல்ல, ஒனக்குமா?"

"செத்தவர ஏன் இழுக்குறீங்க?"

அம்மா அடுப்படியிலிருந்து, "சித்தப்பா சொல்றத கேளு மா. நமக்கு வேற யாரு இருக்கா" என்றார்.

அம்மா அப்படிச் சொன்னதும் சித்தப்பாவின் குரல் மாறிவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சரி, தீபாவளி வரைக்கும் பாப்போம். ஓடர ஒழுங்கா எடுத்தா நம்பர் ஒன்கிட்டயே இருக்கட்டும். சொதப்பினா சிம்ம என்கிட்ட குடுத்துரணும். நீ வெட்டு, ஓடர நான் பாத்துக்கிறேன்."

அவருக்கு லோரி அலுத்துப்போயிருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். அவரும் அண்ணனுக்காக அழுதார்தான், பாடைக்குத் தோள் கொடுத்தார்தான். ஆனால் அழுது முடித்த கையோடு கடையை அளந்து பார்த்தார். நம்பர் அவரிடம் போனால் என் அப்பாவின் கட்டையில் நான் கூலிக்கு வெட்ட வேண்டும்.

வேறு வழியில்லாமல் சிம்மைக் கண்ணாடியில் போட்டேன்.

வெறும் விரலில் தொட்டால் கொழுப்பு அப்பிக்கொண்டு ஒன்றும் தெரியாது. பையில் போட்டால் பைமேல் விழுகிற தண்ணீரையே விரல் என்று நினைத்துக்கொள்ளும். நான் வெட்டிக்கொண்டிருப்பேன், அது தானாக யாருக்கோ போன் போடும். ஒவ்வொரு மெசேஜுக்கும் கத்தியை வைத்து, கையைக் கழுவி, துடைத்து, பதில் போட்டு, மறுபடி கத்தியை எடுப்பதற்குள் முன்னால் நிற்பவர் முகம் கோணிவிடும். "வாய்ஸ்ல பேசேன்" என்று சித்தப்பா வீட்டுச் சின்னம்மா யோசனை சொன்னார். பேசி அனுப்பினேன். "கட்டை சத்தம்தான் மா வருது. எழுதி அனுப்பு" என்று பதில் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் அக்கா நேரே கடைக்கு வந்தார். எப்போதும் பஸ்ஸிலிருந்து ஓடர் போடுகிறவர். தலை வாராமல், கண் வீங்கி வந்திருந்தார். போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினார்.

அவர் எழுதியிருந்தது: அம்மா தவறிட்டாங்க, அடுத்த வாரம் கருமாதி, கறி வேண்டும். அதற்குக் கீழே என் கடை நம்பரிலிருந்து வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சிகள்.

"எங்கம்மா செத்துட்டாங்கன்னு எழுதுறேன். நீ சிரிக்கிற."

"நான் அனுப்பல கா. கை ஈரம். அதுவா போயிருக்கு."

"அதுவா போவுமா? போனு தண்ணி போட்டுருக்கா?"

"சத்தியமா கா, பையில தண்ணி பட்டா இது..."

"ஒங்கப்பா செத்தப்ப நான் வந்து ஒங்கம்மா பக்கத்துல ஒக்காந்தேன். சிரிச்சேனா?"

அவர் வந்து உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அம்மாவுக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்ததும் ஞாபகம் இருந்தது.

"சூப்பர்மார்க்கெட்டுல ஐஸ் கறி வாங்கி ஆக்கிக்கிறேன் எங்கம்மாவுக்கு. ஒன் கை கறி வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கறிக்கடைக்காரி முன்னால் ஐஸ் கறி என்று சொல்வதைவிடக் காறித் துப்பலாம்.

சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார். போகிற அக்காவின் முதுகைப் பார்த்து, "சின்னப் புள்ள கா, வெவரம் பத்தாது" என்றார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். "சிம்ம எடு."

"தீபாவளி வரைக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதுக்குள்ள இன்னும் எத்தன வீட்டு சாவுக்கு சிரிக்கப் போற?"

கையில் கத்தி இருந்தது. அதைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டுக் குடல் கழுவப் போய்விட்டேன். சிம்மைக் கொடுக்கவில்லை.

புரட்டாசி வந்தது. பாதி ஊர் விரதம், கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். பட்டன் போன் தேடக் கிளம்பினேன். உலு திராமில் கேட்டேன், ஜொகூர் பாருவில் கேட்டேன். எல்லாக் கடையிலும் கண்ணாடி கண்ணாடியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கடையில் தலைமுடிக்குச் சாயம் போட்ட ஒருவன், நம்பர் பட்டன் மட்டும் இருக்கிற சின்னப் போனை எடுத்து வைத்தான்.

"இது இல்ல. ஏபிசிடி எல்லாம் பட்டனா இருக்கணும். ஆப்பும் ஓடணும்."

"அலமாக். அந்த மாதிரி போனெல்லாம் செத்துப்போச்சு லா அக்கா."

"செத்தத விக்க மாட்டியா? நான் தெனம் அததான் விக்கிறேன்."

அவன் சிரித்தான், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். விளையாட்டாக என்று நினைத்திருப்பான். நான் விளையாடவில்லை. அந்த வார்த்தையை யாரும் லேசாகச் சொல்வதை அந்த நாட்களில் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியில் வாடிக்கைக்கார அக்கா ஒருவர்தான் சிங்கப்பூரில் பழைய போன் விற்கிற கடையில் பார்த்து வாங்கி வந்து கொடுத்தார். பட்டனும் இருந்தது, ஆப்பும் ஓடியது. தடியாக, செங்கல் மாதிரி. படம் எடுத்தால் ஆடா ஆளா என்று தெரியாது. பெரிய திரையில் தெரிவதில் பாதிகூட இதில் தெரியாது. இதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன், நல்ல போன் என்று யாரிடமும் நான் சாதிக்கவில்லை.

பையில் போட்டு ரப்பர் பேண்டை மாட்டி, அப்பா மாதிரியே கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஈரக் கையால் அமுக்கினேன். பட்டன் உள்ளே போனது, திரும்பி வந்தது. நான் அமுக்கியது மட்டும்தான் போனது.

அப்பாவின் போனில் ஓ, கே இரண்டு எழுத்தும் தேய்ந்து மறைந்திருந்தன. இதில் எல்லா எழுத்தும் பளிச்சென்று இருந்தன. அந்தப் பளிச்சைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. அப்பாமேலும் கோபம் வந்தது. கட்டைவிரல் போகிற வழியை எனக்குச் சொல்லித் தராமலே போய்விட்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, தப்பாக அடித்து, வீட்டில் பையோடு உட்கார்ந்து பழகினேன். அம்மா பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்.

சித்தப்பா அதைப் பார்த்ததும், "இது என்னா, கால்குலேட்டரா?" என்றார்.

"ஆமா. கணக்கு தீக்கத்தான்" என்றேன்.

ஐப்பசி பிறந்ததும் தீபாவளி ஓடர் வந்து குவிந்தது. சாவு விழுந்த வருஷம் என்பதால் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. முறுக்கு இல்லை, புதுத்துணி இல்லை, விளக்குகூட வாசலில் இல்லை. ஊருக்கெல்லாம் தீபாவளிக் கறி மட்டும் எங்கள் கட்டையிலிருந்து போனது. "ஹேப்பி தீபாவளி மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டவர்களும் உண்டு. நான் தலையாட்டிவிட்டு வெட்டினேன். இடது கட்டைவிரல் தானாகவே எழுத்தைத் தேட ஆரம்பித்திருந்தது. ஓர் ஓடரும் மாறவில்லை. யாருக்கும் மூஞ்சி போகவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் காலை, கடை முன்னால் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. படையலுக்குக் கறி வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். சித்தப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு பக்கத்தில் தொடைக்கறி போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் என் கட்டைவிரலையே பார்த்தார்.

"பரவால்ல, நல்லாதான் எடுக்குற" என்றார். "நாளையோட முடிச்சிக்க. அப்புறம் நான் பாத்துக்கிறேன்."

"ஒழுங்கா எடுத்தா என்கிட்டயே இருக்கட்டும்னு சொன்னீங்க."

"சொன்னேன். நீ பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒருத்தன கட்டிக்கிட்டு போயிருவ. எங்கண்ணன் நம்பர் வேற வீட்டுக்கு போவக்கூடாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எந்தப் போனை வாங்கியிருந்தாலும், எவ்வளவு ஒழுங்காக ஓடர் எடுத்திருந்தாலும், இந்தப் பேச்சு வந்தே இருக்கும். டச், பட்டன் என்று இவ்வளவு நாள் என்னை அலையவிட்டிருக்கிறார்.

"குடுக்க முடியாது சித்தப்பா."

"என்னா சொன்ன?"

"முடியாதுன்னேன்."

அவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது கழுத்தை அறுத்துக்கொண்டு அறுந்தது. போன் பையோடு குடல் தட்டில் போய் விழுந்தது. அவர் எடுப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன். வரிசையில் முன்னால் நின்ற ஓர் அம்மா, "அண்ணே, எனக்கு தொடைய குடுத்துட்டு அப்புறம் அடிச்சிக்கோங்க. வீட்ல மாமியா அம்மி மாதிரி ஒக்காந்திருக்காங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். சித்தப்பாவுக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. ஏப்ரனை அவிழ்த்துக் கட்டைமேல் எறிந்துவிட்டு நடந்தார்.

நான் அந்த அம்மாவுக்குத் தொடை வெட்டிக் கொடுத்தேன். கழுத்து எரிந்தது. போனை ஏப்ரன் பையில் செருகிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா போன் போட்டார். "சித்தப்பா இங்க வந்து அழுவுறாரு. அவர பாத்தா ஒங்கப்பா மாதிரியே இருக்கு. குடுத்துரேன் மா, எனக்கு சண்ட வேணாம்."

"அவரு அப்பா மாதிரி இல்ல மா."

"நீ இப்படியே பேசினா நம்ம பக்கம் யாரும் வர மாட்டாங்க."

"வர வேணாம்."

அம்மா போனை வைத்துவிட்டார். சித்தப்பா இல்லாமல் அந்தக் கூட்டத்தை வெட்டி முடிக்க முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. இனிமேல் ஆட்டைத் தூக்கிப் போட யார் வருவார்கள் என்றும் தெரியவில்லை.

அப்புறம் சித்தப்பாவிடமிருந்து நீளமாக ஒரு குரல் பதிவு வந்தது. நான் அதைத் திறக்கவில்லை. அதற்குக் கீழே எழுத்திலும் வந்தது: "கடைசியா கேக்குறேன். சிம்ம குடுப்பியா மாட்டியா?"

வலது கையில் கத்தி. இடது கையில் ஏப்ரனிலிருந்து எடுத்த போன். நெஞ்செலும்பைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் அடித்தேன். மாட்டேன். ஒவ்வொரு பட்டனும் உள்ளே போய்த் திரும்பி வந்தது. அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

"அடுத்து யாரு கா? எத்தன கிலோ?"