என் அளவில் செய்த படகு

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அத்தா, எங்கள் தீவில் ஃபீனிக்ஸ் பே பக்கம் படகு கட்டும் ஒரு ஷெட்டில் மிஸ்திரியாக இருந்தார். மெயின்லேண்டிலிருந்து வந்த ஆபீசர் ஒருவர், தன் மகள் பொழுதுபோக்காக ஓட்ட ஒரு சின்ன ஃபைபர் பாய்ப்படகு வேண்டும் என்று வெளிநாட்டுப் படம் ஒன்றைக் கொடுத்தார்.

அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, கோடு தெரியும். படத்தைத் தரையில் விரித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, "உக்கார்ற எடம் வெள்ளக்கார ஆம்பளைக்குப் போட்டது, சாப். பிள்ளைக்குத் தக்கன சின்னதாக்கணும்" என்று ஹிந்தியில் சொன்னார். ஆபீசர், "டீக் ஹை" என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஃபைபர் படகுக்கு முதலில் மரத்தில் முழுப் படகையும் செய்ய வேண்டும். அதன்மேல்தான் அச்சு எடுப்பார்கள். அந்த மரப் படகுக்கு நான்தான் அளவு. பள்ளிக்கூடம் விட்டதும் அத்தா என்னைப் பலகைகளுக்கு நடுவே உட்காரவைப்பார். முழங்கால் மடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. சுக்கான் பிடிக்குக் கை எட்டும் இடத்தில் ஒரு கோடு. குனிந்தால், பாயின் அடியில் குறுக்கே ஆடும் பாய்க்கட்டை தலைக்கு மேலே போகிறதா என்று பார்த்து இன்னொன்று.

"ஆடாம இரு புள்ள. நீ நெளிஞ்சா படகும் நெளிஞ்சு போகும்."

அம்மா, "இங்க ஒரு குடம் தண்ணி எடுக்க ஆளில்ல, மகராணி கப்பல் கட்டப் போறா" என்று திட்டுவாள். அந்தத் திட்டும் பெருமையாக இருந்தது. படகு எனக்கு என்று யாரும் சொல்லவில்லை. நானே அப்படி வைத்துக்கொண்டேன்.

ஃபைபர் படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று ஆபீசரின் மகள் வந்து ஏறினாள். என்னைவிட ஒரு தலை உயரம். முழங்கால் மோவாயில் முட்டியது. படகு திரும்பியபோது பாய்க்கட்டை மண்டையில் ஒரு போடு போட்டது. அழுதுகொண்டே இறங்கி, பொம்மைக்குச் செய்த படகு என்றாள். ஆபீசர் கத்தின கத்தலில் ஷெட்டே நின்றுவிட்டது.

அத்தா தலையைக் குனிந்துகொண்டு, "கல்தி ஹோ கயா, சாப். ஃபைபர் இறுகிட்டா மாத்த முடியாது. வேற பெருசா செஞ்சு தர்றேன்" என்றார்.

கல்தியாம், தப்பு நடந்துபோச்சாம்! மாதக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். என் கை, என் கால், எல்லாம் தப்பாம்.

ஆபீசர் போன பிறகு அத்தா கூப்பிட்டார். "ஏறு புள்ள, ஒரு சுத்து போயிட்டு வருவோம்." கூட வேலை செய்தவர்கள், "ஏறுங்க கப்தான் சாப்!" என்று சிரித்தார்கள். எனக்குக் கூச்சம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மூன்று தரம் கூப்பிட்டார். போகவில்லை. மறுவாரம் அதை வேறொருவரின் சின்னப் பிள்ளைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

படகு செய்த மாதங்களில் ஆபீசரின் மகள் தினமும் மரைன் ஹில்லிலிருந்து இறங்கி வந்து ஷெட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அத்தா எழுந்து நின்று சலாம் வைப்பார். பலகையைக் கண்ணால் பார்த்தே நீளம் சொல்லும் மனுஷன். அவள் உயரம் அவருக்குத் தெரியாமலா போயிருக்கும்?

ஒன்பது வயதில் எனக்கு இது உறைக்கவில்லை. ஆபீசரிடம் சொன்னால் வேலை போய்விடும், சரி. வீட்டுக்கு வந்து என்னிடமாவது, உனக்காகத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எப்படிச் சொல்வார்? பத்து நாள் நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை.