திருத்தணியின் சர்வதேச நாவல் பரிசும் மூன்றாவது நடுவரும்

காலை ஆறரை மணிக்குச் சென்ட்ரலில் திருப்பதி பாசஞ்சரில் ஏறியபோது என் மடியில் கடைசிச் சுற்றுக்கு வந்த இரண்டு நாவல்கள் இருந்தன. ஒன்று தலையணை கனம், இன்னொன்று விசிறி கனம். தலைக்குள் அவற்றைவிடப் பெரிய கனம் ஒன்று. நான் ஒரு சர்வதேசப் பரிசின் நடுவர். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். அதற்கு முன் நான் நடுவராக இருந்த ஒரே போட்டி எங்கள் காலனியின் கோலப் போட்டி; அதில் தோற்றவர்களின் வீட்டுக்காரர்கள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இந்தப் பரிசு நின்று பல வருடமாயிற்று. இதில் வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

திருத்தணி எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். எதிர் சீட்டில் வியாசர்பாடிக் குடும்பம் ஒன்று, மூன்று தலைமுறையும் மொட்டை போடக் கிளம்பியிருந்தது. குடும்பத் தலைவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே என்னை விசாரித்தார்.

"சாரும் மொட்டையா?"

"இல்லீங்க. ஒரு கூட்டம்."

அவர் என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்பிடியே மேல போய் எடுத்துருங்க சார். உங்களுக்கு ரெண்டு இழுப்புல முடிஞ்சிரும்."

அரக்கோணத்தில் வண்டி அரை மணி நேரம் நின்றது. விசிறி கனத்து நாவலை மறுபடி புரட்டினேன். எழுதியவர் தனலட்சுமி, அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓடும் ஒரு வீட்டின் மருமகள். ஆந்திர எல்லையோர டென்ட் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை; ஒரு வாரம் தமிழ்ப்படம், ஒரு வாரம் தெலுங்குப்படம். நடுவில் மூன்று அத்தியாயம் விடாமல் மழை பெய்கிறது. அந்த மழையைப் படித்த அன்று நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை. பரிசு கிடைத்தால் இந்தப் புத்தகம் ஆங்கிலத்துக்குப் போகும், சிங்கப்பூரில் வெளியீடு நடக்கும். கிடைக்காவிட்டால் உள்ளூர் அச்சகத்துப் பரணிலேயே கிடக்கும். அது கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் அன்று ரயில் ஏறியதே. தலையணை நாவலை எழுதியவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு டாக்டர். அதில் ஓர் அரசர் குதிரை ஏறுவதற்கு இருபது பக்கம் ஆகிறது. இறங்குவதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

ஒன்பதே கால். ஸ்டேஷன் வாசலில் அம்பாசிடரோடு ஏகாம்பரம் நின்றிருந்தார். நூல் வியாபாரி, கல்யாண மண்டபத்துக்குச் சொந்தக்காரர், பரிசின் நிறுவனர். முன் சீட்டில் இன்னொரு நடுவர், சென்னைப் பேராசிரியர், முந்தின நாளே வந்து ஏகாம்பரம் வீட்டு நெய் தோசையோடு ஐக்கியமாகிவிட்டவர்.

"மொதல்ல சாமி பாத்துட்டு வந்துருவோம் சார். அப்பறமா மத்ததெல்லாம்," என்றார் ஏகாம்பரம்.

மலையேறும் வழியில் பரிசின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், தொடர்கதை படித்துப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்ட அப்பாவின் நினைவாகத் தொடங்கியது. பணம் மலேசியாவில் இருந்த தாய்மாமன் கொடுத்தது, அதனால்தான் சர்வதேசம். முதல் வருடம் மலேசியத் தோட்டத்துக்காரர் ஒருவருக்கு. அடுத்த வருடம் பாரிஸில் இருந்த இலங்கைக்காரருக்கு. அவருக்கு விசா சிக்கல், பொன்னாடை மட்டும் பார்சலில் போனது. மூன்றாம் வருடம் வந்தது சண்டை.

"மூணு நடுவரு, மூணு பொஸ்தகம் சார். ஒருத்தரும் எறங்கி வரல. ஒருத்தர் மைக்கப் புடுங்கினு பின்வாசல்ல போய்ட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த மைக் வரல."

"அப்புறம் எப்படித் தீர்த்தீங்க?"

"அதான் மேல போறமே," என்றார் ஏகாம்பரம், தீபாராதனைக்கு நேரமாகிவிட்டவர் போல.

பத்தரை மணி. தரிசனம் முடிந்து பிரகாரத்தில் ஒரு தூண் ஓரம் நின்றோம். ஏகாம்பரம் வேட்டி மடிப்பிலிருந்து வாழையிலைப் பொட்டலங்கள் இரண்டை எடுத்தார். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் வெள்ளைப்பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை என்றால் டாக்டர், சிவப்பு என்றால் தனலட்சுமி. பூ கட்டிப் பார்ப்பதை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் முருகனைத்தான் கேட்பார்கள். நாவலுக்குக் கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

"என்னங்க இது?"

"அந்தச் சண்டைக்கு அப்பறம் இப்பிடித்தான் சார். நடுவருங்க ஒத்துப் போய்ட்டா சரி. போவலன்னா சாமி. இந்த வருசம் நீங்க ஒண்ணு எழுதி அனுப்புனீங்க, அவுரு ஒண்ணு."

"போன வருஷம்?"

"சாமி."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"ஆங்."

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. அழைப்பிதழில் வருடா வருடம் அச்சாகும் வரியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன்: 'நடுவர் குழு நீண்ட விவாதத்துக்குப் பின் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது.' அந்த வரியை நம்பித்தான் ஒரு மூட்டை நாவல்களை மூன்று மாதம் படித்தேன். குறிப்பெழுதினேன். குதிரையைக்கூட இரண்டாம் தடவை ஏறிப் பார்த்தேன்.

"பேராசிரியரே, நாம பேசியே முடிவு பண்ணலாம். நீங்க தனலட்சுமியைப் படிச்சீங்கல்ல?"

அவர் விபூதியை நெற்றியில் சரிசெய்தார். "புரட்டினேன். முருகன் முடிவு பண்றதை நாம ஏன் சுமக்கணும்?"

"முருகன் அதைப் படிச்சாரா?"

"சார், மலை மேல இப்பிடிப் பேசாதீங்க," என்றார் ஏகாம்பரம். குரலில் நிஜமான வருத்தம். "உங்களுக்கு அவரு மேல நம்பிக்கை இல்லியா?"

"அவர் மேல இருக்கு. நாவல் படிக்க அவருக்கு நேரம் இருக்கும்ங்கிறதுலதான் இல்ல. வாசல்ல பாருங்க, எத்தனை பேர் நிக்கிறாங்க."

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே, சந்தனம் இன்னும் காயாத புது மொட்டையோடு ஆந்திரப் பக்தர் ஒருவர் எங்களைக் கடந்தார். ஏகாம்பரம் அவரை நிறுத்தித் தெலுங்கில் இரண்டு வார்த்தை சொன்னார். அவர் பயபக்தியோடு கண்ணை மூடி ஒரு பொட்டலத்தைத் தொட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, தன் குடும்பத்தைத் தேடிப் போய்விட்டார். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத மனிதர். அந்த வருடத்துச் சர்வதேசப் பரிசைத் தீர்மானித்தது அவர் விரல்தான்.

பொட்டலத்தில் வெள்ளைப்பூ.

இறங்கும் வழி முழுக்கக் கத்தினேன். வருடா வருடம் எழுத்தாளர்களை ஏமாற்றுகிறீர்கள் என்றேன். படித்துத் தேர்ந்தெடுத்ததாகப் பொய் அச்சடிக்கிறீர்கள் என்றேன். தைரியமிருந்தால் பூப் போட்டதை மைக்கில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன். பேராசிரியர் ஜன்னல் வழியே மலையின் இயற்கை அழகை ரசித்தார். எனக்கு அவ்வளவு கோபத்திலும் பசித்தது என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரு மணி. மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம். சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரமாதம். கோபம் அதனால் குறைந்துவிடவில்லை. எதிர்ப் பந்தியில் தனலட்சுமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர் முனிரத்தினம், அவருக்கும் பக்கத்தில் கணவரின் அண்ணன். அந்த வீட்டில் கணவரின் அண்ணனைப் பாவா என்கிறார்கள். வீட்டில் சொல் செல்லுபடியாகும் ஆள் அவர் என்பது ரசம் கேட்ட தோரணையிலேயே தெரிந்தது. முடிவு இன்னும் யாருக்கும் தெரியாது. மைக்கில் உண்மையைப் போட்டு உடைக்கப்போகிறேன் என்ற நினைப்போடு அவர்கள் அருகே போய் உட்கார்ந்தேன்.

"இவ எழுதறது எனக்குப் புடிக்காது சார்," என்றார் பாவா, வெகு சகஜமாக. "தறி ஓடிகினு இருக்கும், இவ எழுதிகினு இருப்பா. நூல் அறுந்துதுன்னா பாக்க ஆளு இல்ல."

"அறுந்தா நான்தான் பாவா முடி போடறேன்," என்றார் தனலட்சுமி.

"போட்ற, போட்ற. ஒரு பக்கம் எழுதிட்டு வந்து போட்ற." என் பக்கம் திரும்பினார். "தம்பிதான் சொன்னான், பெரிய மனுசங்க என்னா சொல்றாங்கன்னு பாப்பமேன்னு. சரி போன்னு வுட்டேன். எங்க வூட்ல ஒரு பழக்கம் சார். இவள எடுத்ததே மலையில பூ போட்டுப் பாத்துதான். ரெண்டாவது தறி வாங்கறதுக்கும் பூதான். பம்பு செட்டுக்கு வேணாம்னு வந்துது, இன்னைக்கி வரைக்கும் வாங்கல. சாமி வேணாம்னா வேணாம். அதுக்கு மேல எங்க வூட்ல பேச்சு கெடையாது."

தனலட்சுமி இலையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "நல்ல வேளை, எழுதறதுக்கு நீங்க பூ போடல பாவா," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பாவா சிரிக்கவில்லை. அப்படியும் செய்யலாமே என்று யோசிப்பவர் போல மோரை ஊற்றிக்கொண்டார்.

மேலே பூப் போட்டாயிற்று. வந்தது வெள்ளை. மைக்கில் அந்த விஷயம் வந்தால் இந்தப் பெண் இழப்பது சிங்கப்பூரை மட்டுமல்ல. இந்த வீட்டில் இனி அவர் பேனா எடுக்க முடியாது.

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஏகாம்பரத்தைத் தேடி ஓடினேன். மேடைக்குப் பின்னால் தாம்பாளத்தில் பொன்னாடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க சொன்னது எனக்கு ஒறச்சிருச்சி," என்றார் என்னைப் பார்த்ததும். "இத்தினி வருசம் மறச்சது தப்பு. இன்னைக்கு மைக்ல சொல்லிடப் போறேன். பூ போட்டோம், முருகன் கொடுத்த தீர்ப்புன்னு."

"வேண்டாம்."

"என்னா வேணாம்?"

"பழைய வரியையே படிங்க. நீண்ட விவாதம். ஒருமனதாக."

அவர் பொன்னாடையைக் கீழே வைத்தார். "மலையில இருந்து எறங்கறவரைக்கும் பொய்யி பொய்யின்னு கத்தினு வந்தீங்க. டிரைவரே பயந்துட்டான். ரெண்டு வாய் சோத்துல மனசு மாறிடுமா ஒரு மனுசனுக்கு?"

பாவாவின் கதையைச் சொன்னேன். ஏகாம்பரம் பொன்னாடையைப் பிரித்து மறுபடி மடித்தார். அவருக்கு இதில் சங்கடம் இரட்டை: சாமி சொன்னதை மறைக்கவும் வேண்டும், மறைப்பதைச் சாமியின் ஊரிலேயே செய்யவும் வேண்டும்.

"அப்ப அந்தப் பொண்ணு கேட்டா?" என்றார் கடைசியில்.

"அவங்க புத்தகத்தை நான்தான் வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லிடறேன்."

நாலு மணிக் கூட்டத்தில் அந்த வரி வழக்கம்போல வாசிக்கப்பட்டது. பேராசிரியர் குதிரையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். டாக்டரின் சார்பில் அவர் மைத்துனர் பரிசு வாங்கினார். 'ஒருமனதாக' என்ற சொல் வந்தபோது கூட்டத்தில் தனலட்சுமி என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் மேடையில் தொங்கிய மாவிலைத் தோரணத்தை ஆராய்ந்தேன்.

கூட்டம் கலைந்ததும் செருப்பு விடும் இடத்தில் என்னை மடக்கினார். பின்னால் முனிரத்தினமும் பாவாவும்.

"ஒருமனதாகன்னா நீங்களுமா சார்?"

"ஆமாம்மா."

"என் நாவல்ல என்னா தப்பு?"

நான் மனதாரக் குறை கண்டுபிடித்திருந்த புத்தகம் குதிரைப் புத்தகம்தான். தனலட்சுமியின் புத்தகத்தில் என்ன சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நடுவுல கொஞ்சம் இழுக்குது. அந்த மூணு அத்தியாயம் மழை."

அவர் முகம் சிவந்தது. "மழை பெஞ்சாதான் சார் கொட்டாய்ல படம் நிக்கும். படம் நின்னாதான் அவ வூட்டுக்குப் போவா. வூட்டுக்குப் போனாதான் அங்க அவளுக்கு எடம் இல்லன்னு தெரியும். மழைய எடுத்துட்டா அதுல என்னா சார் இருக்குது? டிக்கெட்டா கிழிச்சினு இருப்பா. முழுசா படிச்சீங்களா, இல்ல சும்மா புரட்டுனீங்களா?"

"படிச்சேன்."

"படிச்ச மாரி தெரில."

முனிரத்தினம் முதன்முறையாக வாய் திறந்தார். "எனக்கு அந்த மழைதான் சார் புடிச்சிது." எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

பாவா என்னை மேலும் கீழும் அளந்தார். "வுடும்மா. மனுசன் சொன்னதுதான? இவுரு சொல்லிட்டா ஆச்சா? அடுத்தத எழுதிக் குடு, பாப்போம். நூல் அறுந்தா நான் ஒரு கை பாத்துக்கறேன்."

ஆறே முக்கால் வண்டி முக்கால் மணி தாமதம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன். கோபம் அப்படியே இருந்தது: படிக்காத பேராசிரியர் மேல், அந்த வரியின் மேல், அந்த வரியை வாசிக்கச் சொன்ன என் மேல். எங்கள் காலனியில் தோற்றவர்கள் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். இந்த ஊரில் முகத்துக்கு நேரே வந்து திட்டுகிறார்கள்; அது எவ்வளவோ மேல். அம்மையார்குப்பத்துக்குப் பஸ் ஏறப் போகும் முன் தனலட்சுமி மண்டப வாசலுக்குத் திரும்பி வந்து இன்னொன்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"அடுத்த நாவலுக்கு நீங்க நடுவரா இருக்காதீங்க சார்."

இருக்க மாட்டேன் என்றேன். 'படிச்சேன்' என்றதை விட்டால், அன்று நடுவராக நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.