இல்லாத முழங்கால் நோ

போரில் தம்பியைக் கண் முன்னால் பறிகொடுத்தவள் நான். இத்தனை வருடம் கழித்தும் நித்திரையில் குழறுகிறேன் என்று, புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள ஒரு மனநல ஆலோசகரிடம் மகள் என்னை அனுப்பினாள். ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பிரெஞ்சு போதாது. அதனால் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணும் கூட இருந்தார்.

உட்கார்ந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, ஊரிலை எவடம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஊர் தெரிந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் தெரிந்துவிடும். வாய்க்கு வந்த ஓர் ஊரைச் சொன்னேன். தம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை. "முழங்கால் நோ, அதுதான் நித்திரை இல்லை" என்றேன். உண்மையில் என் முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை.

அந்தச் சனிக்கிழமை தமிழ்க் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு நின்றேன். கோயிலில் முகம் மட்டும் கண்டிருந்த ஒருத்தி கிட்ட வந்து, "முழங்கால் நோ இப்ப எப்பிடி அக்கா?" என்றாள்.

அந்த ஆலோசகர் அறையைத் தவிர வேறெங்கும் நான் முழங்கால் நோ என்று சொன்னதே இல்லை. தம்பியைப் பற்றிச் சொல்லியிருந்தால்?

மகளோடு போய் ஆலோசகரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். இப்போது வேறு நகரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்க்கிறார். அவர் ஊர் கேட்கவில்லை. ஆனாலும் யாராக இருந்தாலும் முதலில் ஒரு பொய் நோவைச் சொல்லிப் பார்ப்பதுதான் இப்போது என் வழக்கம். அவரிடம் பல்வலி என்றேன்.

மூன்று கிழமை, வாரம் தவறாமல் அதே கடைக்குப் போய் வந்தேன். பல்லைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நாலாம் கிழமை தம்பியின் பெயரைச் சொன்னேன்.