கந்தோர் முகட்டு மஞ்சள் வெளிச்சம்

அந்தோனியம்மா, பஸ்ரியாம்பிள்ளையின் கடைசிப் பெண். சாட்டி ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா கிறேஸுக்கு நேர் இளையவள். நெடுந்தீவுக் கரையில் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. புருஷன் கிறிஸ்ரி கடல் தொழில்.

அந்தக் கந்தோரின் முகட்டில் ஒரு மஞ்சள் லைற் எரியும். கட்டிடத்துக்கென்று போட்டதுதான், ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் அதையே குறியாகப் பிடித்து வந்தார்கள். கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் நீளத்துக்குக் கல் கிடக்கிறது. மஞ்சளை நேரே பார்த்து ஓடினால் கல்லுக்கு நடுவே இருக்கிற வழியால் உள்ளே வரலாம். வழி காட்டக் கையில் போன் இருந்தாலும் கடைசி ஓட்டத்துக்கு மஞ்சள்தான். அந்த லைற் எரியாமற்போன ஒரு மாரிப் பொழுதில்தான் பஸ்ரியாம்பிள்ளை மாண்டார். வள்ளத்தின் பலகை கரைக்கு வந்தது, அவர் வரவில்லை. அப்போது அந்தோனியம்மாவின் வயிற்றில் ஜெனீற்றா.

போன மார்கழியில் பட்டணத்திலிருந்து மின்சார வேலைக்கு நிசாந்தன் என்ற பெடியன் வந்தான்.

"அரசாங்கக் கட்டிடம் எல்லாத்திலையும் மின்சாரம் மிச்சம்பிடிக்கிற லைற்தான் இனி எரிய வேணுமாம், அக்கா. சட்டம்."

அந்தோனியம்மாதான் அவனுக்கு ஏணி பிடித்தாள்.

"எரியேக்கை தொட்டுப் பாருங்கோ. சுடாது. இனிப் பல்லிக்கும் குளிர்காய இடமில்லை."

உள்ளே மாட்டின ஒன்றை அவள் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். பழைய பல்புகளை ஒன்றும் விடாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு அவன் பின்னேரப் படகில் போய்விட்டான். கிறிஸ்ரி அன்று விடியவே கடலுக்குப் போயிருந்தான்.

பொழுதுபடுகிற நேரம், கந்தோருக்குப் பொறுப்பான சிவபாதம் சுவிச்சைப் போட்டார். முகடு வெள்ளை வெளேரென்று எரிந்தது. அந்தோனியம்மா அண்ணாந்து பார்த்தாள். இடப்பக்கம் மீன் வைக்கிற ஐஸ் வாடியின் லைற், அதுவும் வெள்ளை. வலப்பக்கம் மாதா கோயில் லைற், அதுவும் வெள்ளை. கடலில் நிற்கிற மனிசனுக்கு இங்கே லைற் மாறினது தெரியாதே. மஞ்சளைத் தேடித் தேடிக் கல்லில் ஏறுவானே. போன் அடித்துப் பார்த்தாள், போகவில்லை. வாடைக்காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது. ஏணி பிடித்த கை தன்னுடைய கைதான் என்பது அவளைப் போட்டு உலுப்பியது.

"ஐயா, பழைய லைற்றைப் போடுங்கோ. இவர் இன்னும் வரேல்லை."

"எங்கை கிடக்குப் போட? பெடியன் பெட்டியோடை கொண்டு போயிட்டான்."

"அப்ப மஞ்சள் தாளாவது சுத்துவம்."

"உமக்கென்ன பைத்தியமே? மாத்தினதைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. தாள் பத்தினா கந்தோரும் போம், என்ரை பென்சனும் போம்."

"பத்தாது ஐயா. சுடாத லைற். நான் தொட்டுப் பாத்தனான்."

அவர் அண்ணாந்து முகட்டைப் பார்த்தார். அவள் வீட்டுக்கு ஓடினாள். அதற்கு முந்தின நத்தார்ப் பண்டிகைக்கு ஜெனீற்றா கட்டின நட்சத்திரம் அலுமாரிக்கு மேலே கிடந்தது. அதன் மஞ்சள் கண்ணாடித்தாளைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தால், முகட்டோடு ஏணி சாத்தியிருந்தது. சிவபாதம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கெதியா ஏறும். நான் ஒண்டும் காணேல்லை."

காற்று தாளைப் பறித்தது. வலை நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். மஞ்சள் வந்தது, ஆனால் பழைய மஞ்சளின் பாதிகூட இல்லை.

பிறகு கரையில் நின்றாள். கடல் கறுத்துக்கொண்டு வந்தது. சிறுவயதிலிருந்து சொல்லிவருகிற "அருள் நிறைந்த மரியே" பாதியில் மறந்துபோனது, மறுபடி தொடங்கினாள். இயந்திரச் சத்தம் கேட்டது. கேட்ட பக்கம் பிழை. கோயில் பக்கம், கல்லுக்கு நேரே. திடீரென்று சத்தம் நின்றது. அப்பாவின் பலகை அவள் கண்ணுக்கு முன்னால் மிதந்தது.

திரும்பவும் சத்தம் எழுந்தது. மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது.

"கந்தோர் லைற்றுக்கு என்ன காய்ச்சலோ?" என்று கேட்டுக்கொண்டே கிறிஸ்ரி கயிற்றை எறிந்தான். "கல்லுக்குக் கிட்டவரைக்கும் போயிட்டுத்தான் அதைக் கண்டு திரும்பினனான்."

"முதல்ல இறங்குங்கோ" என்றாள். வேறொன்றும் வாயில் வரவில்லை.

அந்தத் தாள் இன்னும் அங்கேதான். உப்புக்காற்றில் வெளிற வெளிற அவள் புதிதாகக் கட்டுகிறாள். படகால் யாராவது சப்பாத்தும் பையுமாக இறங்கினால், சட்டத்தைப் பார்க்க வந்தவர்களோ என்று விளக்குமாற்றோடு வாசலில் வந்து நிற்பாள். காற்று எழும்பினால் கடலைப் பார்க்கமாட்டாள். முகட்டைத்தான் பார்ப்பாள்.