ஒரு 'அச்சா' போடுங்க!

போன திங்கட்கிழமை ஓர் அரசாங்க ஆபீஸ் வராந்தாவில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே, டைரக்டர் அறையில், என் வீட்டுக்காரர். வாயைத் திறந்து என்ன சொல்லி வைப்பாரோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இருக்கிறது. போன வருஷம் மோதி பாக் பக்கம் மழையில் ஸ்கூட்டர் சறுக்கித் தலையில் அடி. ஹெல்மெட் போட்டிருந்தார். ஸ்ட்ராப்தான் போடவில்லை... தில்லி ஸ்டைல்!

உயிர் பிழைத்தார். நடக்கிறார், சாப்பிடுகிறார், கிரிக்கெட் பார்க்கிறார். ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைதான் வாய்க்கு பிரேக்காம். அது பழுது. மனசில் தோன்றுவது அப்படியே வெளியே வந்துவிடும்.

எங்கள் கிட்வாய் நகர் லிஃப்டில் எதிர் வீட்டு சர்மா ஆன்ட்டி புதுச் சுடிதாரைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று இவரிடம் கேட்டார். 'ஜன்னல் ஸ்க்ரீன் மாதிரி இருக்கு' என்றார் இவர், இலக்கண சுத்தமான இந்தியில். அத்தோடு அந்த வீட்டுக் கீர் பாயசம் வருவது நின்றுபோனது.

சிரிக்க முடியாத நாட்களும் உண்டு. கோபத்தில் தட்டு பறக்கும். பிறகு ஏன் வீசினோம் என்று தெரியாமல், அவரே குனிந்து பருக்கை பொறுக்குவார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

அப்போதுதான் நேஹா வந்தாள். மூளையில் அடிபட்டவர்களுக்கு நடத்தைப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட். பஞ்சாபிப் பெண். அவள் சொன்ன வைத்தியம் ஒரே ஒரு வார்த்தை. யார் என்ன பேசினாலும் முதலில் 'அச்சா' என்று சொல்ல வேண்டும். மூச்சு விட வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொல்லியே ஆக வேண்டுமா என்று அப்புறம் யோசிக்க வேண்டும்.

எனக்கும் ஹோம்வொர்க் உண்டு. ஏடாகூடமாகப் பேசினால் காதில் விழாத மாதிரி இருக்க வேண்டும். அடக்கிக்கொண்டால் அந்த நிமிஷமே பாராட்ட வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்து, புருஷனைப் பாராட்டு என்று மருந்துச்சீட்டு! எனக்குத்தான் பயிற்சி அதிகம் தேவைப்பட்டது.

அந்த 'அச்சா' இருக்கிறதே... ஆமாம், அப்படியா, மேலே சொல்லு, புளுகாதே – எல்லாவற்றுக்கும் அதுவே போதும். ராகம்தான் வேறு. தலைநகரத்தில் பாதி நிர்வாகம் இதில்தான் ஓடுகிறதோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

மாசக்கணக்கில் பழகினோம். தினமும் காலையில் பேன்ட் சட்டை போட்டு, ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்திருப்பார். போவதற்கு இடமில்லை. அவர் ஆபீஸ் டைரக்டர் நேரில் பேசிப் பார்த்து சரி என்றால் மறுபடி வேலை. இல்லையென்றால் வீட்டோடு ஓய்வு.

அந்தப் பேச்சுதான் திங்கட்கிழமை நடந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. ஃபைல்கள் சீக்கிரம் நகர டைரக்டர் ஒரு திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். திட்டம் நகர்வதாகவே இல்லை. நடுநடுவே என் வீட்டுக்காரர் குரல்: "அச்சா." மூச்சு விடும் இடைவெளி. "அச்சா..."

டைரக்டர் வெளியே வந்து கை கூப்பினார். "மேடம், பஹுத் மெச்சூர் ஹோ கயே ஹைன்!" ரொம்பப் பக்குவமாகிவிட்டாராம். அடுத்த வாரத்திலிருந்து அரை நாள் வரட்டும் என்றார். அடிபடாத தலையோடு முப்பது வருஷம் உழைத்தபோது இந்தப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டார். "ஏட்டி, நான் சரியாப் பேசுனேனா?"

இந்த மனிதர் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. திருநெல்வேலி வீறாப்பு! உடனே பாராட்ட வேண்டும், அதுதான் விதி. பாராட்டு வரவில்லை. அழுகைதான் வந்தது, மடை திறந்தாற்போல.

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"அழாதட்டி. அழுதா உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல."

விதிப்படி நான் காதில் விழாத மாதிரி வெளியே வேடிக்கை பார்த்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆட்டோக்காரர் எங்கள் இரண்டு பேரையுமே சந்தேகமாகத் திரும்பிப் பார்த்தார்.

நல்லவேளை... நேஹாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது!