மீன்கொத்தி உட்கார்ந்த கல்

நான் இயற்கை ஆர்வலன் ஆனதற்குக் காரணம் இயற்கை அல்ல, சர்க்கரை. தினமும் முக்கால் மணி நேரம் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேப்பம்பட்டில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தைச் சுற்றிவர நான்கு நிமிடம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒரு பால்கனியிலிருந்து, "என்ன சார், வாக்கிங்கா?" என்று குரல் வரும். "ஆமாம்" என்பேன். அடுத்த பால்கனி. "ஆமாம்." நடந்த களைப்பைவிட ஆமாம் சொன்ன களைப்பு அதிகமாகிப் போனதால், பின்பக்கக் கேட்டைத் திறந்துகொண்டு ஓடைக்கரைக்குப் போக ஆரம்பித்தேன். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் போகிற ஓடை அது. மற்ற மாதங்களில் கணுக்கால் அளவுதான் இருக்கும்.

சும்மா கையை வீசிக்கொண்டு நடக்கும் நடுத்தர வயது ஆணைத் தெருநாய்கள் நம்புவதில்லை. கழுத்தில் ஒரு கேமரா தொங்கினால் அவை குரைப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. மைத்துனன் ஓரங்கட்டிய பழைய கேமரா ஒன்று வீட்டில் இருந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் நாலு புத்தகம் படித்தேன், ஆவடிப் பக்கத்து இயற்கை நடைக் குழு ஒன்றில் வாட்ஸ்அப்பில் சேர்ந்தேன், கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்களை இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கினேன். அதற்கு முந்தைய மாதம்வரை எனக்கும் தெரியாது.

பறவை, உடும்பு, தட்டான் எல்லாம் எடுத்தாலும் என் பலம் கல்தான். கல் பறக்காது. அந்தப் பக்கத்து ஓடைக்கரைகளில், களிமண் இறுகினாற்போல வெளிர் மஞ்சளாகச் சில பலகைக் கற்கள் கிடக்கும். உற்றுப் பார்த்தால் சிலவற்றில் இலை பதிந்திருக்கும். நடுநரம்பு, பக்க நரம்பு, விளிம்பு எல்லாம் அச்சடித்தது போலத் தெரியும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் சேற்றில் விழுந்த இலை. படம் எடுக்கும்போது அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஏதாவது ஒரு பொருளை வைக்கவேண்டும் என்று புத்தகம் சொன்னது. என் சட்டைப்பையில் எப்போதும் இருப்பது சர்க்கரை மாத்திரை அட்டை. அதை வைத்து எடுத்த முதல் படத்தைக் குழுவில் போட்டபோது, இலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "சார், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணா?" என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

செப்டம்பரில் ஒரு காலை. ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம் உண்டு. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கரைச் சரிவில் பாதி புதைந்த மஞ்சள் கல் ஒன்றின் மேல் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. பாலத்தில் நின்று பதினோரு படம் எடுத்தேன். பதினொன்றிலும் கல் துல்லியமாக விழுந்தது, மீன்கொத்தி நீலச் சாயம் கொட்டினது போல இருந்தது. பறவை போன பிறகு கீழே இறங்கிப் பார்த்தேன். கல்லின் தலையில் வருஷக்கணக்கான எச்சம், சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக. ஒரு மூலையைக் கொஞ்சம் கிளப்பினால் அடியில் ஒரு இலையின் நுனி! முழுசாகப் புரட்டினேன். என் கட்டைவிரலைவிட நீளமான இலை. ஆனால் மேலே சீமைக் கருவேலம் குடை பிடித்திருந்ததால் வெளிச்சம் இல்லை.

நான் சோற்றுக்குச் செய்கிற வேலையைச் சொல்லவேண்டும். இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். 'எந்தப் பாகத்தையும் இடம் மாற்றுவதற்கு முன் கீழ்க்கண்ட எச்சரிக்கைகளைப் படிக்கவும்' என்ற வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் எழுதிய அளவுக்கு வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. அப்பேர்ப்பட்ட நான், அந்தக் கல்லை இரண்டு கையாலும் உருட்டி உருட்டி, சரிவில் நாலடி மேலே வெயிலுக்குக் கொண்டுபோனேன். மாத்திரை அட்டையை வைத்துப் படம் எடுத்தேன். வெள்ளைத் தலை மேலே வருமாறு மறுபடியும் புரட்டி வைத்தேன், அது என் நாகரிகம். திருப்பிக் கீழே கொண்டுபோக இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். படத்துக்குக் குழுவில் நிறைய கைதட்டல்.

எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுகளைத் துடைக்க ஒரு அம்மா வருவார். பாலத்தைத் தாண்டி, ஓடையை ஒட்டினாற்போல் இருக்கும் ஆறு வீட்டு வரிசையில் அவருடையது கடைசி. வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவர். ஐப்பசியில் சாரத்திலிருந்து விழுந்து, தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். அந்தம்மா வேலைக்கு வரும்போது பாலத்தில் நின்று ஓடையைப் பார்ப்பதை இரண்டு மூன்று முறை கவனித்திருக்கிறேன். நம்மைப் போல ஒரு ரசிகை என்று நினைத்து ஒருநாள் கேட்டேன்.

"மீன்கொத்தி வந்திருக்கா?"

"இன்னா சார்?"

"அந்த நீலக் கலர் பறவை."

"அதுக்கு இன்னா, அது பாட்டுக்கு கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை, சர்க்கரை இல்லாத காபியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மூன்றாம் மாடிப் படியை அந்தம்மா துடைத்துக்கொண்டிருந்தார். வாசல் கதவு திறந்திருந்தது. என் மனைவி அங்கே நின்று கேட்டாள்:

"ஏம்மா, இந்த மழையில அவரைத் தனியா விட்டுட்டு எதுக்கு வந்தீங்க? ஏரி வேற ரொம்பிடுச்சாமே?"

"கல்லு காஞ்சிகினு தான் கீது மேடம். பாத்துட்டு தான் வந்தேன்."

"எந்தக் கல்லு?"

"ஓடையில மஞ்சக் கல்லு ஒண்ணு கீது. தல மட்டும் வெள்ளையா இருக்கும். பாலத்துல நின்னா நல்லா தெரியும். நான் கண்ணாலம் கட்டிகினு வந்ததுலேர்ந்து அதான் எங்களுக்குக் கணக்கு. தண்ணி அத்த தொட்டுச்சுன்னா, ஒரு மணி நேரத்துல எங்க ஊட்டுக்குள்ள வந்துரும். தொடலன்னா ஒண்ணும் பயமில்ல. ஆறு ஊட்டுக்காரங்களும் அத்த பாத்துட்டு தான் காலையில கம்பெனிக்குப் போனாங்க."

"அப்ப அவர்கூட யாரும் இல்லையா?"

"அது கட்டிலு மேல கீது. கல்லு தான் காஞ்சி கீதே, இன்னா இப்ப?"

காபி தம்ளர் என் கையில் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தேன். கேமராவிலிருந்து ஏற்றிய படங்கள் அதில் இருந்தன. மீன்கொத்திப் படம். அடுத்து வெயிலில் எடுத்த படம். அதே கல்தான். இருந்தாலும் வேறு கல்லாக இருக்கலாம் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம், நாலடிச் சரிவு என்றால் உயரத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். மாத்திரை அட்டையின் நீளம் எனக்குத் தெரியும். அதை வைத்துக் கல்லின் அளவு, கல்லை வைத்துக் கரையின் சரிவு. முதல் தடவை முக்கால் அடி என்று வந்தது, நிம்மதியாக இருந்தது. தப்பு என்று தெரிந்து மறுபடியும் போட்டேன். இரண்டடி. முழங்காலுக்கு வரும். நடுவில் ஜன்னலுக்குப் போய், மழை விடுகிற மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்தேன். வெளியே, அந்தம்மாவின் வாளிச் சத்தம் மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கும் இரண்டிலிருந்து ஒன்றுக்கும் இறங்கிப் போவது கேட்டுக்கொண்டே இருந்தது.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குக் குறைவில்லை.

ஓடிப்போய் முதல் மாடியில் பிடித்தேன். "அந்தக் கல்லை நான் நகர்த்திட்டேம்மா. மேல ஏத்தி வச்சிருக்கேன்."

"எந்தக் கல்லு சார்?"

"உங்க கல்லு. வெள்ளைத் தலை."

"எப்போ?"

"ரெண்டு மாசம் முன்னாடி."

"எதுக்கு சார்?"

"போட்டோ எடுக்க."

அந்தம்மா என்னைத் திட்டவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார், அது சரிந்து விழுந்தது, மறுபடி எடுத்துச் சாய்த்தார். பிறகு ஓட ஆரம்பித்தார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போய், கேட் தாண்டி நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். பாலத்தில் நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். செம்மண் தண்ணீர் இரண்டு கரையையும் விழுங்கிக்கொண்டு ஓடியது. அதற்கு மேலே, காட்டாமணக்குப் புதருக்கு நடுவில், வெள்ளைத் தலையோடு கல் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்த கல்லைக் காய்ந்தது என்று சொல்லக்கூடாதுதான். ஓடைத் தண்ணீர் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். என் கணக்கு சரியாக இருந்தது. கட்டிலில் ஆள் இல்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, மார்புவரை தண்ணீரில், தரையில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டு ஊறிப்போய்க் கால் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"இன்னாமே, கல்லு நனையலன்னு சொல்லிட்டு போன?" என்றார் மனைவியிடம். முகம் வெளுத்திருந்தது.

"கல்லு எடம் மாறிப் போச்சு" என்றார் அந்தம்மா, அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கியபடியே. என் பெயரைச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். போட்டோவுக்காக என்றும் சொன்னேன்.

அவ்வளவு வலியிலும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டோக்கா? கல்லு சிரிச்சுதா நைனா?"

இரண்டு பேருமாகக் கட்டில் மேல் ஏற்றினோம். போன் எதிர்ச் சுவர் அலமாரியில் சார்ஜில் இருந்ததாம். தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைந்ததும் கத்திப் பார்த்திருக்கிறார், அக்கம்பக்கம் பூட்டிக் கிடந்தது. கட்டிலுக்கு வந்துவிடும் என்று பயந்து, போனை எடுக்க ஒற்றைக் காலில் இறங்கியிருக்கிறார்.

"இப்ப தான் சார் வுய்ந்தேன். நீங்க வர்றதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி. அதுவரைக்கும் தெகிரியமா தான் ஒக்காந்துகினு இருந்தேன்."

அஞ்சு நிமிஷம். நான் ஜன்னலில் மழை பார்த்த நேரமாக இருக்கவேண்டும்.

ஆஸ்பத்திரியில் எலும்பு மறுபடி விலகிவிட்டது என்றார்கள். ஆபரேஷன், உள்ளே தகடு, ஆறு மாதம். சாரம் ஏறலாமா என்று கேட்டதற்கு டாக்டர், முதலில் தரையில் நடக்கட்டும் என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு, கல்லைப் பழைய இடத்தில் வைக்கப் போனோம். பழைய இடம் எது என்று யாருக்கும் தெரியவில்லை, குழியை வெள்ளம் மூடிவிட்டது. அப்போதுதான் அந்தப் பதினோரு படங்கள் உதவின. குழுவில் கைதட்டு வாங்கிய இலைப் படத்தில் கல்லும் இலையும் மாத்திரையும் மட்டும்தான். வீணாய்ப் போன மீன்கொத்திப் படத்தில் கல்லின் இரு பக்கமும் தெரிந்தது. இடது பக்கம் பனைமரத்தின் அடி, பின்னால் ஒரு வேர். அந்தம்மா என் போனைக் கையில் வைத்துக்கொண்டு பாலத்தில் நின்று குரல் கொடுத்தார்: "இன்னும் கீய எறக்கு... பனமரத்தாண்ட... அந்தாண்ட போவாத... அவ்ளோதான்." ஆறு வீட்டுக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் என் கேமராப் பையைக் காட்டி, "அண்ணாத்தே, வச்ச கையோட இன்னொரு போட்டோ எடுத்துராத" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

புதைக்கும் முன் அந்தம்மா இறங்கிவந்து அடிப்பக்க இலையைத் தடவிப் பார்த்தார். எத்தனை நாள் ஆன இலை என்று கேட்டார். கோடிக்கணக்கான வருஷம் என்றேன்.

"அவ்ளோ வருஷமா நனைஞ்சிகினு கெடந்துச்சு. நீ வந்து தான் சார் காய வச்ச."

அதுதான் அவர் என்னைச் சொன்ன ஒரே குறை. மற்றபடி அவர் சொல்வது வேறு. அதை என்னால் தாங்கமுடியவில்லை. அடுத்த வாரம் படி துடைக்க வந்தபோது என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "வேற யாருனா இருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டாங்க மேடம். சாரு கேட்ட ஒடனே ஓடியாந்து சொன்னாரு பாரு, அந்த மனசு தான்."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அன்று மேஜை மேல் ஆறிப்போய் ஆடை படிந்த காபியை எடுத்துக் கொட்டியவள் அவள்தான். படுக்கையறைக் கதவு எவ்வளவு நேரம் சாத்தியிருந்தது என்று அவளுக்குத் தெரியும். இன்றுவரை அவள் அதைக் கேட்கவில்லை.

மீன்கொத்திப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு ஆறு வீட்டுக்கும் கொடுத்தேன், கல்லின் இடம் நினைவிருக்கட்டும் என்று. கடைசி வீட்டில் அதைக் கட்டிலுக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஞாயிறுகளில் நடையை அங்கே முடித்துக்கொள்கிறேன். போன ஞாயிறு, அந்தம்மா டீ போட உள்ளே போனபோது, தகடு வைத்த காலை நீட்டிக்கொண்டு வீட்டுக்காரர் படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பறவ தான் சார் சரியா வுயல."

"ஆமாம்."

"கல்லு நல்லா வுய்ந்திருக்கு. ... ஏன் சார், எங்க ஊட்டுக்காரம்மா கல்லப் பத்தி சொன்ன ஒடனே நீங்க ஓடியாந்து சொல்லிட்டீங்களாமே?"

சமையல் மேடையில் தம்ளர் வைக்கும் சத்தம் நின்றது. அந்தம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"ஆமாம்" என்றேன்.

டீ வந்தது. ஞாபகமாகச் சர்க்கரை இல்லாமல் போட்டிருந்தார்.