எடை மேடையில் ஒரு விண்கப்பல்

விண்வெளித் தொடர் ஒன்றுக்கு நான் அடிமை. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் உடனே பழைய கப்பல் உசத்தியா புதுக் கப்பல் உசத்தியா என்று ஆரம்பிப்பீர்கள், நானும் சண்டைக்கு வந்துவிடுவேன், பிறகு இதை எழுதி முடித்தாற்போலத்தான். அப்பா பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தொடங்கிய தொடர் அது. இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கப்பல்கள் மாறின, தலைவர்கள் மாறினார்கள், நடுநடுவே படங்களும் வந்தன. அத்தனையும் எனக்கு அத்துப்படி. போன மாதம் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மாதம் கோலாலம்பூரில் ரசிகர் சந்திப்பு. பேரங்காடி ஒன்றின் மேல்மாடி மண்டபம், இருவர் சேர்ந்த குழுக்களுக்குப் புதிர்ப் போட்டி. என்னோடு சேர்ந்தவள் ஒரு சுபாங் ஊர்க்காரி. மூன்று வருடமாக இணையத்தில் பழக்கம், நேரில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. இந்தத் தொடரைப் பற்றித் தமிழில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவள். என் ஊர் கோலசிலாங்கூரில் நான் யாரிடம் போய்ப் பேசுவது? பசார் மீன்கடையிலா?

இறுதிச் சுற்று வரை வந்துவிட்டோம். கடைசிக் கேள்வி: மூன்றாம் பருவத்தின் முடிவில், பொறியாளர் கப்பலுக்குத் திரும்பவில்லை என்பதைத் தலைவி எப்படிக் கண்டுபிடித்தாள்?

அந்தப் பொறியாளர் நான்கே அத்தியாயங்களில் வருகிற சின்னப் பாத்திரம். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் சிறு வயதில் எனக்கு அவர்தான் உயிர். தோழி என் பக்கம் திரும்புவதற்குள் மணியை அடித்தேன்.

"கப்பலை எடை போட்டார்கள். உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை. அறுபத்திரண்டு கிலோ குறைந்தது. அதை வைத்துத்தான் ஆள் இல்லை என்று தெரிந்தது."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. நடுவர் மைக்கை மூடிக்கொண்டு சிரித்தார். நாங்கள் தோற்றோம்.

ரயிலில் தோழி கேட்டாள்: "வானத்துல கப்பல திம்பாங் பண்ணாங்களா? எடையே இல்லாத எடத்துலயா? நீ பிசிக்ஸ்தான படிச்ச?"

"நான் பார்த்திருக்கேன் லா."

"எங்க பார்த்த?"

மனசுக்குள் அந்தக் காட்சியைத் தேடிப் பார்த்தேன். நான் அதைப் பார்த்ததே இல்லை.

"மூணு வருசமா நீ எங்கிட்ட சொன்னதுல இந்த மாதிரி எத்தன?" என்று கேட்டுவிட்டு அவள் சுபாங்கில் இறங்கிப் போனாள். அதன் பிறகு எட்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. கோப்பை போனது போகட்டும். இவளும் போய்விட்டால் நான் இந்தத் தொடரைப் பற்றிச் சுவரோடுதான் பேச வேண்டும்.

விஷயம் இதுதான். அப்போது நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அப்பா செம்பனைப் பழ லோரி ஓட்டினார். மூன்றாம் பருவத்தைப் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு பெட்டியாக வாங்கி வந்தார், ஆறு வட்டுகள். கடைசி வட்டில் கடைசி அத்தியாயம் பாதியில் நின்றுவிடும். தலைவி ஒரு விண்நிலையத்தின் இரும்புக் கதவில் கை வைத்தபடி நிற்பாள். கதவு திறக்காது. துடைத்துப் பார்த்தோம், ஊதிப் பார்த்தோம், சட்டையில் தேய்த்துப் பார்த்தோம். நான் அழுதேன். அண்ணன்தான் மிச்சக் கதையைச் சொன்னான், பாசிர் பெனம்பாங்கில் இருக்கும் கூட்டாளி வீட்டில் முழுசாகப் பார்த்துவிட்டானாம். பள்ளிப் பேருந்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். எடை குறைந்ததும் தலைவி கப்பலைத் திருப்புகிறாள், கதவைத் திறக்கிறாள், உள்ளே பொறியாளர் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

தேத்தண்ணியிலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எடையில் எப்படி வரும்? எண்ணெய் ஆலைக்குப் போகும் பழ லோரியை உள்ளே விடும்போது எடை போடுவார்கள், பழத்தைக் கொட்டிவிட்டு வெளியே வரும்போது மறுபடியும் போடுவார்கள். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு லோரியில் போய் நான் பார்த்தது அது. சரக்கு ஏற்றிய வண்டி என்றால் எடை போடத்தானே வேண்டும்? கப்பலும் வண்டிதானே? பின்னால் இணையத்தில் எல்லாப் பருவமும் வந்தபோது ஒவ்வொன்றையும் நாலு தடவை, ஐந்து தடவை பார்த்தேன். அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் தாண்டிப் போவேன். அதுதான் எனக்குத் தெரியுமே!

அண்ணனுக்கு இப்போது ரவாங்கில் தொழிற்சாலை வேலை. போட்டியன்று சாயங்காலமே கூப்பிட்டேன்.

"அண்ணே, கப்பல திம்பாங் பண்ண அத்தியாயத்த நீ நெசமா பார்த்தியா?"

"எந்தக் கப்பல்?" என்றான். அப்புறம் ஞாபகம் வந்து சிரித்தான் பாருங்கள், போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. "பாப்பா, நீ இன்னுமா அத நம்பிக்கிட்டு இருக்க?"

"நூறு பேரு முன்னால சொன்னேன்."

சிரிப்பு நின்றது. "அடுத்த ஞாயித்துக்கெழம லீவு. வர்றேன்" என்றான்.

வந்தான். காலையிலேயே தலைக்கவசத்தைக் கழற்றியபடி நேராக முன்னறைக்கு வந்து உட்கார்ந்தான். அந்த அத்தியாயத்தைப் போட்டேன். தலைவி கதவில் கை வைத்தாள். இந்த முறை படம் நிற்கவில்லை. உண்மையில் நடந்தது இதுதான்: சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு யாரும் தொடாமல் இருப்பதைப் பார்த்துத்தான் தலைவிக்குத் தெரிகிறது. அவள் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது பொறியாளர் செத்துக் கிடக்கிறார். அவ்வளவுதான். பாட்டு ஓடுகிறது, பெயர்கள் ஓடுகின்றன.

இத்தனை வயதில் எனக்குக் கண் கலங்கியது. அண்ணன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"எனக்கு அப்பவே தெரியும். பொட்டிக்குப் பின்னால போட்டிருந்துச்சு, அவரு சாவுறாருன்னு. ஒனக்குத்தான் இங்லீசு படிக்கத் தெரியாது. ரெண்டாவது பருவத்துல அந்த நாய் செத்ததுக்கே நீ ரெண்டு நாளு சோறு திங்கல. அதான் அப்பாவோட ஆணிய எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன்."

"வட்ட நீதான் கீறுனியா?"

"வேற என்னா செய்யச் சொல்ற?"

கோபப்படவா, கட்டிப் பிடிக்கவா என்று தெரியாமல் தலையணையை எடுத்து அவன் மேல் எறிந்தேன். அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அறுவத்திரண்டு கிலோல்லாம் அந்த ஆலைத் தராசு காட்டாது. இருவது இருவதாத்தான் ஏறும். அறுவதுன்னு சொல்லியிருக்கணும்" என்று அண்ணனைக் கண்டித்துவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கே தோழிக்கு நீளமாக எழுதினேன். வட்டு, ஆணி, பள்ளிப் பேருந்து, தராசு, ஒன்றும் விடவில்லை. 'மற்றதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. இது ஒன்றுதான் அண்ணன் கையிலிருந்து வந்தது. நம்பினால் நம்பு' என்று முடித்தேன். நீல டிக் விழுந்தது. அம்மா கூப்பிட்டு, நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகும் பதில் இல்லை. அண்ணன் கிளம்புவதற்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

'அறுபது கிலோன்னா, சப்பாத்து போட்டா, போடாமலா?'

பொறியாளரின் காலணியைக் கேட்கிறாள். இரண்டு தடவை படித்தேன். அண்ணனிடம் காட்டினேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"போடாம. சப்பாத்தக் கதவுக்கு வெளியவே கழட்டி வெச்சுட்டுத்தான உள்ள போனாரு?"

"இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே" என்றான்.

அப்படியே அடித்து அனுப்பினேன். இந்த முறை பதில் குரலாக வந்தது, ஒரே வார்த்தை, சிரிப்பை அடக்கிக்கொண்டு: "அப்புறம்?"

அண்ணன் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு என் கையிலிருந்து போனை வாங்கினான்.